சாவி தொலைந்தால் என்ன செய்வது? கதவு திறந்ததோடு வேலை முடிவதில்லை

வீட்டுச் சாவி தொலைந்தாலும் மோட்டார் சாவி தொலைந்தாலும் எல்லாருடைய கவனமும் ஒன்றில்தான் இருக்கும். எப்படியாவது உள்ளே போக வேண்டும், எப்படியாவது வண்டியைக் கிளப்ப வேண்டும். சாவிக்கடைக்காரர் வந்து கதவைத் திறந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று பலரும் நிம்மதியடைந்து விடுகிறார்கள். ஆனால், தொலைந்த சாவி எங்கோ ஓரிடத்தில் இருக்கத்தான் செய்கிறது. அது சாக்கடையில் விழுந்திருக்கலாம், இன்னொருவர் கையில் கிடைத்திருக்கவும் கூடும்.

ஆகவே, சாவி தொலையும்போது இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேட வேண்டும். நான் எப்படி உள்ளே போவது என்பது முதல் கேள்வி. இனி வேறு யாரால் உள்ளே வர முடியும் என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு அன்றைக்கே விடை கிடைத்துவிடும். இரண்டாவதை மறந்துவிடுவதால்தான் சில குடும்பங்கள் பின்னர் நகையையும் வண்டியையும் இழக்கின்றன. இந்த இரண்டையும் மனத்தில் வைத்து, வீடு, வண்டி, வேலையிடம், கோயில் என ஒவ்வோர் இடத்திலும் செய்ய வேண்டியவை இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

உள்ளே யாராவது மாட்டியிருக்கிறார்களா?

பூட்டிய வீட்டுக்குள் சிறு குழந்தை தனியாக இருந்தாலோ, அடுப்பு எரிந்துகொண்டிருந்தாலோ, வயதானவர் விழுந்து கிடந்தாலோ சாவியைத் தேடி நேரத்தை வீணாக்கக் கூடாது. உடனே 999 எண்ணை அழைக்க வேண்டும். போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு மீட்புப் படை மூன்றுக்கும் இந்த ஒரே எண்தான். பூட்டிய வீட்டிலும் வண்டியிலும் சிக்கியவர்களை மீட்பது பொம்பாவின் வேலைகளில் ஒன்று. கதவை உடைத்தால் செலவாகுமே என்று தயங்க வேண்டாம். கதவை மறுநாள் சரிசெய்துகொள்ளலாம்.

காருக்குள் சாவியோடு குழந்தையும் மாட்டிக்கொண்டால் அவசரம் இன்னும் அதிகம். வெயிலில் நிற்கும் காரின் உள்வெப்பம் பத்தே நிமிடங்களில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் வரை உயரும். கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்திருப்பதால் பெரிய பயன் இல்லை. குழந்தை சோர்ந்து போவது தெரிந்தால் உதவி வரும்வரை காத்திராமல், குழந்தை இருக்கும் இடத்திலிருந்து தள்ளியுள்ள பக்கவாட்டுக் கண்ணாடியை உடைத்துத் திறக்க வேண்டும்.

பதற்றமில்லாமல் தேடுவது எப்படி?

யாருக்கும் ஆபத்தில்லை என்றால் பத்து நிமிடம் ஒழுங்காகத் தேடிப் பாருங்கள். தேடுவதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. அந்தச் சாவியைக் கடைசியாக எந்தப் பூட்டில் பயன்படுத்தினீர்கள் என்று முதலில் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அந்தச் சாவியால் கதவைத் திறந்துதான் வீட்டுக்குள் வந்தீர்கள் என்றால், சாவி வீட்டுக்குள் இருக்க வேண்டும், அல்லது வெளிக்கதவிலேயே தொங்க வேண்டும். இரு கைகளிலும் பசார் மாலாம் பைகளோடு வந்தவர் கிரில் கதவிலேயே சாவியை விட்டுவிட்டு உள்ளே போய்விடுவது வழக்கமாக நடக்கும் சங்கதி.

அடுத்து, வந்தவுடன் என்ன செய்தீர்கள் என்று வரிசையாக நினைத்துப் பாருங்கள். மீன் வாங்கி வந்திருந்தால் குளிர்பெட்டிப் பக்கம், துணி மாற்றியிருந்தால் துவைக்கும் இயந்திரம், மழையில் வந்திருந்தால் மழைக்கோட்டின் பை, பூசை அறைக்குப் போயிருந்தால் விளக்கு மாடம். மோட்டாரில் வந்தவர்கள் சாவித் துளையையும் இருக்கையின் அடியையும் பார்க்க வேண்டும். வீட்டில் நான்கு பேர் இருந்தால் நால்வரும் ஒரே இடத்தைக் கிளறாமல் ஆளுக்கோர் அறை என்று பிரித்துக்கொள்வது நல்லது. தொலைந்த பொருள் கிடைக்க அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் நேர்ந்துகொள்ளும் பாட்டிமார்கள் உண்டு. நேர்ந்துகொண்டு சற்று அமர்ந்தால் பதற்றம் அடங்கும், மறந்த இடமும் நினைவுக்கு வரும்.

வெளியில் தொலைத்திருந்தால் போன வழியிலேயே திரும்பிப் போய்க் கேளுங்கள். கடைக்காரர்கள் கண்டெடுத்த சாவியைக் கல்லாப்பெட்டி அருகில் வைத்திருப்பார்கள். எல்ஆர்டி, எம்ஆர்டி, கேடிஎம் ரயில்களில் விட்டிருந்தால் நிலைய அலுவலகத்தில் தெரிவிக்கலாம். கிரேப் வண்டியில் விட்டிருந்தால் அந்தச் செயலியிலேயே அந்தப் பயணத்தைக் குறிப்பிட்டுப் பொருள் தொலைந்ததைத் தெரிவிக்க வழி உண்டு. பத்துமலைத் தைப்பூசம் போன்ற பெருங்கூட்டங்களில் தொலைத்தவர்கள் அங்கு அமைக்கப்படும் போலீஸ் கூடாரத்திலும் கோயில் அலுவலகத்திலும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

தொலைந்த சாவியின் படத்தையும் வீட்டு முகவரியையும் வாட்ஸ்ஆப் குழுக்களிலும் முகநூலிலும் போடாதீர்கள். சாவியின் பற்கள் தெளிவாகத் தெரியும் படத்தைக் கொண்டே அதேபோல் இன்னொன்று வெட்ட முடியும். எங்கே, எப்போது, என்ன நிறச் சாவிக்கொத்து என்பதை மட்டும் எழுதினால் போதும்.

சாவிக்கடைக்காரரை அழைக்கும்போது

வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டால், முதலில் மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று யோசியுங்கள். கல்யாணமாகிப் போன மகள், அண்ணன் வீடு, வீட்டு உரிமையாளர் என யாரிடமாவது ஒன்று இருக்கக்கூடும். பின்வாசல் சன்னலில் ஏறிக் குதிக்கும் வேலை வேண்டாம். கூரையில் ஏறி ஓடு உடைந்து விழுந்தால், சாவிச் செலவு மருத்துவமனைச் செலவாகிவிடும்.

யாரும் இல்லையென்றால் சாவிக்கடைக்காரரை அழைக்கத்தான் வேண்டும். மின்கம்பத்திலும் சுவரிலும் ஒட்டியிருக்கும் எண்ணைவிட, ஊரில் கடை வைத்திருப்பவரையோ தெரிந்தவர் பரிந்துரைப்பவரையோ அழைப்பதே பாதுகாப்பு. தொலைபேசியிலேயே மூன்று விவரங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். பயணச் செலவும் இரவு நேரக் கூடுதல் கட்டணமும் சேர்த்து மொத்தம் எவ்வளவு? பூட்டைத் துளைக்காமல் திறக்க முடியுமா? துளைத்தாக வேண்டும் என்றால் புதுப் பூட்டுடன் சேர்த்து எவ்வளவு? தொலைபேசியில் குறைந்த விலை சொல்லிவிட்டு, வந்ததும் "இந்தப் பூட்டைத் துளைத்தே ஆக வேண்டும்" என்று பல மடங்கு கேட்பவர்கள் உண்டு. சொன்ன விலையை வாட்ஸ்ஆப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அது பின்னால் எழும் வாக்குவாதத்தைத் தவிர்க்கும்.

நேர்மையான சாவிக்கடைக்காரர், இது உங்கள் வீடுதானா என்று கேட்பார். அதற்காகக் கோபப்படக் கூடாது. மைகார்டு வீட்டுக்குள் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரரைச் சாட்சிக்கு அழைக்கலாம், கதவு திறந்தவுடன் மைகார்டைக் காட்டலாம். எதையும் கேட்காமல் எந்தக் கதவையும் திறந்துவிடுபவர், நாளை வேறொருவருக்காக உங்கள் கதவையும் திறக்கக்கூடும்.

பூட்டை எப்போது மாற்ற வேண்டும்?

சாவி தொலைந்த ஒவ்வொரு முறையும் பூட்டை மாற்ற வேண்டியதில்லை. சாவியோடு வேறு என்ன தொலைந்தது என்பதைப் பொறுத்தே முடிவெடுக்க வேண்டும்.

எந்தப் பெயரும் எண்ணும் இல்லாத ஒற்றைச் சாவி, வீட்டிலிருந்து வெகு தொலைவில் தொலைந்தால் ஆபத்து குறைவு. கண்டெடுப்பவருக்கு அது எந்த வீட்டுச் சாவி என்று தெரியாது. மாறாக, கைப்பையோடு தொலைந்தால் நிலைமை வேறு. மைகார்டின் முன்பக்கத்திலேயே வீட்டு முகவரி அச்சிடப்பட்டிருக்கிறது. மின்சாரக் கட்டண ரசீதிலும் கார் கிராண்டிலும் முகவரி உண்டு. சாவியும் முகவரியும் ஒன்றாகத் தொலைந்தால், வீட்டுக்கு வரும் வழியையும் திறக்கும் கருவியையும் சேர்த்தே கொடுத்தது போலாகும். அப்போது அன்றிரவுக்குள் பூட்டை மாற்றிவிட வேண்டும். முடியாவிட்டால் அன்றிரவு வீட்டில் ஆள் இருக்க வேண்டும், உள்தாழ்ப்பாள் போட வேண்டும்.

கைப்பையைப் பறிகொடுத்தவர்கள், வீட்டுக்கு அருகிலேயே சாவியைத் தொலைத்தவர்கள், வேலையிலிருந்து நின்ற பணிப்பெண்ணோ காலி செய்த வாடகைக்காரரோ சாவியைத் திருப்பித் தராதவர்கள் ஆகியோரும் பூட்டை மாற்றுவதே நல்லது.

பூட்டை மாற்றுவது என்றால் முழுக் கதவையும் பெயர்க்க வேண்டும் என்று பலர் நினைத்துப் பயப்படுகிறார்கள். இன்று வீடுகளில் உள்ள பல பூட்டுகள் அமெரிக்கரான லைனஸ் யேல் ஜூனியர் 1861ஆம், 1865ஆம் ஆண்டுகளில் காப்புரிமை பெற்ற முறையில் இயங்குபவை. உள்ளே ஓர் உருளை, அதில் வெவ்வேறு நீளத்தில் சிறு ஊசிகள், அவற்றின்மேல் சுருள்வில். சரியான சாவியின் பற்கள் எல்லா ஊசிகளையும் சரியான உயரத்துக்குத் தூக்கும்போதுதான் உருளை திரும்பும். ஆகவே, இவ்வகைப் பூட்டுகளில் அந்த உருளையை மட்டும் மாற்றினாலே பழைய சாவி செல்லாததாகிவிடும். சாவிக்கடைகளில் இதை 'சிலிண்டர்' என்று கேட்கலாம். கேட்டில் தொங்கும் பூட்டு என்றால் புதிதாக ஒன்றை வாங்கிப் போடுவதே எளிது.

முன்கதவை மாற்றிவிட்டுப் பின்கதவை மறந்துவிடாதீர்கள். தொலைந்த கொத்தில் எத்தனை சாவிகள் இருந்தன என்று எழுதிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் முடிவெடுங்கள்.

வாடகை வீடும் அடுக்குமாடியும்

வாடகை வீட்டில் இருப்பவர்கள் பூட்டை மாற்றும் முன் வீட்டு உரிமையாளரிடம் சொல்லிவிட வேண்டும். மாற்றிய பின் ஒரு சாவியை அவரிடம் கொடுக்க வேண்டுமா என்பது வாடகை ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பூட்டு வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். காலி செய்யும்போது முன்பணத்தில் கணக்குப் பார்க்க அது உதவும்.

மறுபக்கமும் ஒன்று உண்டு. வாடகை பாக்கி என்பதற்காக உரிமையாளர் தாமாகவே பூட்டை மாற்றி, குடியிருப்பவரை வெளியே நிறுத்த முடியாது. வாடகைக் காலம் முடிந்த பின்னும் ஒருவர் வீட்டைவிட்டுப் போகாவிட்டால், நீதிமன்ற நடவடிக்கை வழியாகத்தான் வீட்டை மீட்க வேண்டும் என்று 1950ஆம் ஆண்டு குறித்த நிவாரணச் சட்டத்தின் 7ஆம் பிரிவு கூறுகிறது.

அடுக்குமாடியில் குடியிருப்போர் சாவியோடு நுழைவு அட்டையையும் தொலைத்திருந்தால், ஜேஎம்பி அல்லது எம்சி எனப்படும் நிர்வாகக் குழுவின் அலுவலகத்தில் உடனே தெரிவிக்க வேண்டும். புது அட்டை வாங்குவதைவிட முக்கியம், பழைய அட்டையைச் செயலிழக்கச் செய்வது. அதைச் செய்தார்களா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

எண் பூட்டு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு. பேட்டரி தீர்ந்து எண்கள் ஒளிராமல் போனால் பூட்டு கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். பல எண் பூட்டுகளின் வெளிப்புறத்தில், பெரும்பாலும் அடிப்பாகத்தில், இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும். அங்கே ஒரு 9 வோல்ட் பேட்டரியை ஒட்டிப் பிடித்தால் பூட்டுக்கு உயிர் வரும், வழக்கமான எண்ணை அழுத்தித் திறக்கலாம். அவசரத்துக்கென்று அதனுடன் தரப்படும் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பதில் பயனில்லை.

மோட்டார் சாவி

தோட்டத்திலும் பட்டணத்திலும் அதிகம் தொலைவது மோட்டார் சாவிதான். இஎக்ஸ்5 போன்ற சாதாரண கப்சாய் வண்டிகளின் சாவியில் மின்சில்லு இல்லை. மாற்றுச் சாவி கையில் இருந்தால் சில ரிங்கிட்டிலேயே இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம். ஒரு சாவியும் இல்லையென்றால், சாவிக்கடைக்காரர் வண்டி இருக்கும் இடத்துக்கு வந்து பூட்டைப் பார்த்து வெட்ட வேண்டியிருக்கும், அல்லது சாவித் துளை, எண்ணெய்த் தொட்டி, இருக்கை ஆகியவற்றின் பூட்டுகளை மொத்தமாக மாற்ற வேண்டியிருக்கும். பூட்டுகளை மாற்றினால் செலவு கூடுதல்தான், ஆனால் தொலைந்த சாவி அதன்பின் எதற்கும் உதவாது.

புது மோட்டார் வாங்கும்போது சாவியுடன் சாவி எண் பொறித்த சிறு தகடு தரப்பட்டால் அதைத் தூக்கி எறியாதீர்கள். அந்த எண்ணை வைத்து மாற்றுச் சாவி செய்வது எளிது. அதே காரணத்தால் அந்தத் தகட்டைச் சாவிக்கொத்தில் மாட்டி வைக்கவும் கூடாது. சாவிக்கொத்தில் வண்டியின் பதிவு எண்ணை எழுதி வைக்கும் பழக்கமும் வேண்டாம். சாவியைக் கண்டெடுப்பவர் வண்டி நிறுத்துமிடத்தில் எண்ணைப் பார்த்தே வண்டியைக் கண்டுபிடித்துவிடுவார்.

சாவி தொலைந்த இடத்திலேயே மோட்டாரை இரவு முழுக்க விட்டுவிட்டு வருவதுதான் பெரிய ஆபத்து. சாவியை எடுத்தவர் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கலாம். முடிந்தால் நண்பரின் லோரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். முடியாவிட்டால் சங்கிலியோ டிஸ்க் பூட்டோ போட்டு, வெளிச்சமும் காவலாளியும் உள்ள இடத்தில் நிறுத்துங்கள்.

கார் சாவி

1994இல் வெளிவந்த பெரொடுவா கன்சில், பழைய புரோட்டோன் சாகா போன்ற கார்களுக்கு வெறும் உலோகச் சாவியே போதும். பிறகு வந்த பல கார்களில் சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு மின்சில்லு இருக்கிறது. அதற்குப் பேட்டரி தேவையில்லை. சாவித் துளையைச் சுற்றியுள்ள வளையம் அதற்கு மின்சாரம் ஊட்டி, அதன் இரகசிய எண்ணைப் படித்து, எண் பொருந்தினால் மட்டுமே இயந்திரத்தை இயங்க விடும். அதனால்தான் சாதாரணக் கடையில் உலோகத்தை மட்டும் வெட்டி வாங்கிய சாவி கதவைத் திறக்கிறது, ஆனால் கார் கிளம்ப மறுக்கிறது.

இத்தகைய காருக்குப் புதுச் சாவியைக் காரின் கணினியில் பதிவு செய்ய வேண்டும். ஒரு சாவியாவது கையில் இருந்தால் வேலை எளிது, செலவும் குறைவு. இரண்டும் தொலைந்தால் காரை இழுத்துச் செல்ல வேண்டியும் வரலாம். ஆகவே, முதல் சாவி தொலைந்த அன்றே இரண்டாவதற்கு ஒரு துணை செய்துவிடுவது புத்திசாலித்தனம். பதிவு செய்யும்போது தொலைந்த சாவியின் எண்ணைக் கணினியிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். நீக்காவிட்டால் அந்தச் சாவியால் காரை இன்னமும் கிளப்ப முடியும். சர்வீஸ் நிலையத்துக்குப் போகும்போது மைகார்டையும் கார் கிராண்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

முழுக் காப்புறுதி எடுத்திருப்பவர்கள் பாலிசியை ஒருமுறை படித்துப் பாருங்கள். பல பாலிசிகளில் கார் இழுத்துச் செல்லும் சேவை அடங்கியிருக்கும். சிலவற்றில் சாவி மாற்றும் செலவுக்கும் பாதுகாப்பு உண்டு.

பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார்களில், சாவியின் பேட்டரி தீர்ந்ததைச் சாவி கெட்டுவிட்டதாக எண்ணிவிடுவார்கள். அந்தச் சாவிக்குள் ஓர் உலோகச் சாவி மறைந்திருக்கும். அதை உருவி எடுத்துக் கதவைத் திறக்கலாம். பிறகு சாவியைக் கிளப்பும் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பல கார்கள் கிளம்பிவிடும். சரியான முறை காரின் கையேட்டில் இருக்கும்.

தோட்டத்திலும் வேலையிடத்திலும்

தோட்ட வீடு நிர்வாகத்தின் சொத்து. அந்த வீட்டுச் சாவி தொலைந்தால் ஆபீஸ் கிராணியிடம் சொல்லிவிட்டுப் பூட்டை மாற்றுவதே முறை. வேலை ஓய்வு பெற்று வீட்டைத் திருப்பி ஒப்படைக்கும்போது, சாவியை வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுச் சாவியைவிடக் கவனம் தேவைப்படுவது வேலையிடத்துச் சாவி. உரக்கொட்டகை, டிராக்டர், பள்ளிக்கூடம், கடை, தொழிற்சாலைக் கிடங்கு என்று பலரிடம் அடுத்தவர் சொத்தின் சாவி இருக்கிறது. பாதுகாவலர் வேலை செய்பவரின் இடுப்பில் ஒரு கட்டடமே தொங்குகிறது. அந்தச் சாவி தொலைந்தால் பயத்தில் மறைக்கத் தோன்றும், நாளைக்குள் கிடைத்துவிடும் என்று காத்திருக்கத் தோன்றும். அந்த ஓர் இரவில் திருட்டு நடந்துவிட்டால் சந்தேகம் முழுவதும் சாவி வைத்திருந்தவர் மீது விழும். தொலைந்ததை உடனே மேலாளரிடம் சொல்லி, அதை எழுத்திலும் தெரிவிக்க வேண்டும். நேரம் பதிவாகும் ஒரு வாட்ஸ்ஆப் செய்தியாவது இருக்கட்டும். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, திருட்டுப் பழி வராது.

பூட்டு மாற்றிய செலவை முதலாளி தம் விருப்பப்படி சம்பளத்தில் பிடித்துக்கொள்ள முடியாது. தீபகற்ப மலேசியாவில் நடப்பிலுள்ள 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, எந்தெந்தக் காரணங்களுக்குச் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று வரையறுத்திருக்கிறது. உங்கள் சம்பளச் சீட்டில் அப்படியொரு பிடித்தம் இருந்தால், சம்பளச் சீட்டுடன் அருகிலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்துக்குச் சென்று விசாரிக்கலாம்.

கோயில் சாவி, சங்கச் சாவி

தோட்டக் கோயில்களில் கருவறைச் சாவி ஐயரிடமும், உண்டியல் சாவி பொருளாளரிடமும், வாசல் சாவி பக்கத்து வீட்டிலும் இருப்பது வழக்கம். யாரிடம் எந்தச் சாவி என்று எங்கும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். ஒருவர் காலமானாலோ, நிர்வாகம் மாறினாலோ குழப்பம் தொடங்கும். சாமி நகை இருக்கும் இடத்தில் இந்தக் குழப்பம் வழக்கு வரை போய்விடும்.

இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எத்தனை சாவிகள், யாரிடம், எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உண்டியலுக்கு இரண்டு பூட்டுகள் போட்டு, இருவரிடம் ஆளுக்கொரு சாவி கொடுத்தால் ஒருவர் தனியாகத் திறக்க முடியாது, ஒருவர் மீது தனியாகப் பழியும் வராது. ஒரு சாவி தொலைந்தால் செயற்குழுவுக்குத் தெரிவித்து, சாட்சிகளின் முன்னிலையில் பூட்டை உடைத்து, கூட்டக் குறிப்பில் பதிந்துவிட வேண்டும்.

வங்கிப் பெட்டகச் சாவி

நகையை வங்கிப் பெட்டகத்தில் வைத்திருப்பவர்கள் அந்தச் சாவியைத் தனியாகப் பாதுகாக்க வேண்டும். பெட்டகத்தைத் திறக்க வங்கியின் சாவியும் வாடிக்கையாளரின் சாவியும் சேர வேண்டும். உங்கள் சாவி தொலைந்தால் வங்கியிடம் உடனே தெரிவியுங்கள். பெட்டகத்தைத் துளைத்துத் திறந்து புதுப் பூட்டுப் போட வேண்டியிருக்கும், அதன் செலவு வாடிக்கையாளரையே சேரும். பெட்டகம் எந்த வங்கியில், சாவி எங்கே என்பது வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருப்பது அவசியம்.

போலீஸ் புகார் எப்போது?

வீட்டுக்குள் தொலைந்த ஒற்றைச் சாவிக்குப் புகார் தேவையில்லை. திருடப்பட்டிருந்தாலோ, கைப்பையோடு பறிபோயிருந்தாலோ, வேலையிடத்துச் சாவி, பெட்டகச் சாவி, கோயில் சாவி தொலைந்தாலோ புகார் செய்வது நல்லது. பின்னால் ஏதாவது நடந்தால், சாவி உங்கள் கையில் இல்லை என்பதற்கு அதுவே சான்று.

நாட்டின் எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் செய்யலாம், கட்டணம் இல்லை. எழுதத் தெரியாதவர்கள் வாய்மொழியாகச் சொன்னால் போலீசார் எழுதிக்கொள்வார்கள். எழுதியதைப் புகார் செய்பவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு சொல்கிறது. புரிந்த பிறகே கையெழுத்திடுங்கள். தொலைந்த சாவிகள், இடம், நேரம், கூடவே தொலைந்த ஆவணங்கள் அனைத்தையும் குறிப்பிடுங்கள். மைகார்டும் தொலைந்திருந்தால் தேசியப் பதிவுத் துறையான ஜேபிஎன் அலுவலகத்துக்குச் சென்று மாற்று அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

கிரில் கதவும் நெருப்பும்

சாவி தொலைவதில் மிகக் கொடியது, வீட்டுக்குள் இருக்கும்போது நள்ளிரவில் தொலைவது. திருடனுக்குப் பயந்து கதவுக்கும் சன்னலுக்கும் கிரில் போட்டு, கிரிலுக்குப் பூட்டும் போட்டுத் தூங்குகிறோம். தீப்பற்றினால் புகை சில நிமிடங்களில் வீட்டை இருட்டாக்கிவிடும். அப்போது சாவி எந்த அறையில், எந்தச் சட்டைப்பையில் என்று தேட நேரமிருக்காது. பூட்டிய கிரிலுக்குப் பின்னால் சிக்கி உயிர்கள் போன செய்திகள் நம் நாட்டில் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. கிரில் சாவியைக் கதவருகே எளிதில் எடுக்கும் இடத்தில் வைக்கும்படி தீயணைப்பு மீட்புப் படையும் அறிவுறுத்தி வருகிறது.

ஒவ்வோர் இரவும் கிரில் சாவி ஒரே ஆணியில் தொங்க வேண்டும். அந்த ஆணி கதவுக்கு அருகில், ஆனால் வெளியிலிருந்து கையோ குச்சியோ எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கும் பாட்டிக்கும் அந்த இடம் தெரிய வேண்டும். இருட்டில் தடவிப் பார்த்தே எடுக்க முடிகிறதா என்று ஒருநாள் விளக்கை அணைத்துவிட்டுச் செய்து பாருங்கள். படுக்கையறைச் சன்னல்களில் ஒன்றுக்காவது திறக்கக்கூடிய கிரில் இருக்கட்டும். அதன் சாவியும் அந்த அறையிலேயே இருக்கட்டும்.

மாற்றுச் சாவியை எங்கே வைப்பது?

பூந்தொட்டியின் அடி, கால்மிதியின் கீழ், செருப்பு அலமாரி, மீட்டர் பெட்டி ஆகியவை திருடர்கள் முதலில் பார்க்கும் இடங்கள். மாற்றுச் சாவியை நம்பிக்கையான உறவினர் வீட்டில் கொடுத்து வைப்பதே நல்லது. அதில் முகவரி எழுத வேண்டாம், ஒரு நிற நூல் கட்டினால் போதும். தனியாக வாழும் பெற்றோரின் வீட்டுச் சாவி, அருகில் வசிக்கும் ஒருவரிடமாவது இருக்க வேண்டும். அவர்கள் உள்ளே விழுந்து கிடக்கும் நாளில் ஆம்புலன்ஸ் வாசலில் காத்து நிற்கக் கூடாது.

புதுச் சாவி வெட்டும்போது அசல் சாவியிலிருந்தே வெட்டுங்கள். நகலிலிருந்து நகல் எடுத்தால் சிறு பிழைகள் கூடிக்கொண்டே போய்ச் சாவி சிக்கத் தொடங்கும். சிக்கும் பூட்டில் சமையல் எண்ணெய் ஊற்றாதீர்கள், அது தூசியைச் சேர்த்து மேலும் இறுக்கிவிடும். பென்சில் கரியைச் சாவியில் தேய்த்துப் பூட்டில் ஏற்றி இறக்கினால் பெரும்பாலும் சரியாகும்.

வீட்டுச் சாவி, வண்டிச் சாவி, வேலையிடத்துச் சாவி மூன்றையும் ஒரே கொத்தில் கோக்காமல் இருந்தால், ஒன்று தொலையும்போது எல்லாம் தொலையாது. கைப்பேசியோடு இணையும் ஏர்டேக், ஸ்மார்ட்டேக் போன்ற சிறு வில்லைகளை மாட்டியும் சாவி இருக்கும் இடத்தை அறியலாம். அதற்கும் செலவில்லாத வழி, வாசலுக்குள் நுழைந்ததும் சாவியை மாட்ட ஓர் ஆணி. இன்றிரவு படுக்கும் முன் வீட்டில் உள்ள எல்லாச் சாவிகளையும் மேசையில் கொட்டி, எது எந்தப் பூட்டுக்கு, எதற்கு மாற்றுச் சாவி இல்லை என்று எண்ணிப் பாருங்கள். மாற்று இல்லாத சாவியை நாளைக்கே சாவிக்கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.